வலியோடு பயமும் சேர்ந்தால்

சென்ற மாதம் உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு ஹார்மோன் பாடம் நடத்தினேன். வெண்பலகையில் ஒரு வட்டம் வரைந்தேன். குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்துகிறது. அந்தச் செய்தி மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை வெளியிடுகிறது. கருப்பை இறுகுகிறது. தலை இன்னும் அழுத்துகிறது. குழந்தை வெளியே வரும்வரை இந்த வட்டம் வேகம் கூடிச் சுழன்றுகொண்டே இருக்கும்.

“அந்த அம்மா பயந்துபோனால் வட்டம் நின்றுவிடுமா, டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேள்வியை அவரிடம் சொன்னேன். கை நின்றது. நான் பிறந்தது தமிழ்நாட்டில். அம்மா சிங்கப்பூருக்கு வருவதற்கு முன்பு. அந்தக் கதையை அவர் அதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

“ராத்திரி முழுக்க வலி. கத்தினேன். ‘அப்போ இனிச்சுது, இப்போ கசக்குதா?’ன்னு கேட்டு ஒருத்தி தொடையில அடிச்சா. பாட்டி வெளியே தாழ்வாரத்துல உட்கார்ந்திருந்தாங்க, உள்ளே விடல. எனக்குத்தான் தைரியம் பத்தல. அதனாலதான் அவ்வளவு நேரம் ஆச்சு.”

எந்த மருத்துவமனை என்பது இங்கு முக்கியமில்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

பயம் உடலில் என்ன செய்கிறது?

பயப்படும்போது அட்ரினலின் சுரக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். கருப்பைத் தசையிலும் அட்ரினலின் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அங்கே அது ஒட்டினால் தசை தளரும். ஆஸ்துமாவுக்குத் தரும் சல்பியூட்டமால் மூச்சுக்குழாயைத் தளர்த்துவதும் இதே வகை ஏற்பியின் வழியாகத்தான். குறைமாதப் பிரசவ வலியைத் தள்ளிப்போட அதே மருந்தை மருத்துவர்கள் பயன்படுத்தியதும் இதனால்தான்.

1960களில் அமெரிக்க ஆய்வாளர் நைல்ஸ் நியூட்டன் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார். குட்டி ஈனும் நேரத்தில் தொந்தரவுக்கு ஆளான எலிகளுக்குப் பிரசவம் தாமதமானது. மான், பூனை போன்ற விலங்குகள் ஒதுக்குப்புறம் தேடிப்போய்க் குட்டி போடுவதில் ஓர் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் மனிதர்கள் எலிகள் அல்லவே? அதற்கும் விடை உண்டு.

கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர்

எங்கள் வீட்டிலிருந்து, தேக்கா சந்தையைத் தாண்டி நடந்துபோகும் தூரத்தில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான அது, 1966இல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 40,000 பிரசவங்களைப் பார்த்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. நாளுக்கு நூற்றுக்கும் மேல்! அந்தக் காலத் தாதியரின் உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அத்தனை கூட்டம் எங்கே இருந்தாலும், ஒவ்வொரு பெண்ணின் பக்கத்திலும் கடைசிவரை உட்கார ஒரு தாதியை ஒதுக்குவது நடக்காத காரியம்.

உட்காருபவர் தாதியாகத்தான் இருக்கவேண்டுமா? குவாத்தமாலாவில் நடந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. அதன் முடிவுகள் 1980இல் வெளியாயின. முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும், மருத்துவப் பயிற்சி இல்லாத, முன்பின் அறியாத ஒரு பெண் துணைக்கு இருந்தார். முதுகைத் தடவினார், கையைப் பிடித்துக்கொண்டார், பேசினார், அவ்வளவுதான். சிக்கலின்றிப் பெற்ற தாய்மாரில், துணை இருந்தவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கச் சராசரியாக 8.8 மணி நேரம் ஆனது. துணை இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம்.

இது சின்ன ஆய்வு. ஒரே ஆய்வை நம்பிவிடாதீர்கள் என்றுதான் வகுப்பில் சொல்வேன். 2017இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை. சராசரியாக 40 நிமிடம்தான் குறைந்தது. ஆனால் அறுவைசிகிச்சையும் குறைந்தது. பிரசவத்தைக் கசப்பாக நினைவுகூர்ந்தவர்களும் குறைந்தனர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவரைப் பிரசவத் துணையாக அனுமதிக்கும் திட்டம் 2004இல் வந்தது. எங்கள் பாட்டிக்கு அது எட்டவில்லை.

அதட்டலும் அனுமதியும்

அம்மாவுக்கு நேர்ந்தது தனிப்பட்ட ஒருவரின் துரதிர்ஷ்டம் அல்ல. 2014இல் உலகச் சுகாதார நிறுவனம், பிரசவத்தின்போது பெண்களை அவமதிப்பதும் துன்புறுத்துவதும் ஒழிய வேண்டும் என்று அறிக்கை விட்டது. கானா, கினி, மியன்மார், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் அது வழிநடத்திய ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வந்தது. ஆய்வாளர்கள் 2,016 பெண்களின் பிரசவத்தை நேரில் கவனித்தனர். பத்தில் நால்வர் அடி, திட்டு அல்லது பாகுபாட்டுக்கு ஆளாயினர். குழந்தை பிறப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்திலிருந்து பிறந்த கால் மணி நேரம்வரைதான் அடியும் திட்டும் மிக அதிகம். இளவயதினரும் படிப்பு குறைந்தவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

அதே ஆய்வில், பிறப்புவழியை அகலப்படுத்தக் கத்தரியால் வெட்டிய நிகழ்வுகளில் முக்கால் பங்கு, அந்தப் பெண்ணின் சம்மதம் கேட்காமலே நடந்தன. அடித்தால்தான் அவமதிப்பு என்றில்லை, கேட்காமல் செய்வதும் அதில் சேரும்.

‘கேட்டுச் செய்’ என்பது சிங்கப்பூரில் சட்டமாக வளர்ந்த கதையிலும் ஒரு பிரசவம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் நடீன் மான்ட்கோமரிக்கு நீரிழிவு இருந்தது. அப்படிப்பட்ட தாய்மாருக்கு, குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றில் 9 அல்லது 10. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. 1999இல் தோள் சிக்கியே பிறந்த மகனுக்கு மூளை பாதிக்கப்பட்டது. 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. 2017இல் நமது மேல்முறையீட்டு நீதிமன்றம், வேறொரு வழக்கில், அந்தத் தீர்ப்பின் கொள்கையைச் சில மாற்றங்களோடு ஏற்றது. பின்னர் சிங்கப்பூர் தனிச் சட்டவிதியே இயற்றி, அது 2022 ஜூலை 1இல் நடப்புக்கு வந்தது. நோயாளி முடிவெடுக்கத் தேவையான விவரத்தை மருத்துவர் தரவேண்டும் என்பது இன்று நம் சட்டம்.

நீங்கள் கேட்கலாம்

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ மனைவியோ கருவுற்றிருந்தால், வலி வருவதற்கு முன்பே மருத்துவரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். என்னோடு யார் இருக்கலாம்? எனக்கு வசதியான நிலையில் இருக்க முடியுமா? வெட்டுவதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்வீர்களா? தமிழில் விளக்க யாராவது கிடைப்பார்களா? பிரசவத் துணை வேண்டும் என்றும், வழக்கமாக எல்லோருக்கும் வெட்டுவதும் வயிற்றை அமுக்கித் தள்ளுவதும் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்துள்ளது. இக்கேள்விகளைக் கேட்பது மருத்துவரை எதிர்ப்பது ஆகாது.

மறுவாரம் மாணவிக்குப் பதில் சொன்னேன்: “வட்டம் முழுதாக நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பயம் அதன் வேகத்தைக் குறைக்கலாம்.”

அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். உங்கள் வலி நீண்டதற்குத் திட்டுதான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, முதல் பிரசவம் இயல்பாகவே நீளும் என்றும் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்போ, என் தைரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையா?”

“இல்லம்மா.”

முப்பத்து நான்கு ஆண்டுகள் அதைச் சுமந்திருக்கிறார். உங்கள் அம்மாவிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.