அதே பெட்டி, இரண்டு மடங்கு இடம்

வீட்டு லேப்டாப்பில் இருந்த 500 ஜிபி ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு 1 டிபி டிஸ்க்கை மாட்டப் போகிறார்கள். மாட்டுவதற்கு முன் இரண்டையும் கையில் வாங்கிப் பாருங்கள். நீளமும் அகலமும் ஒன்றுதான். பிறகு அந்தக் கூடுதல் இடம் எங்கிருந்து வந்தது?

டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டு ஒன்று சுழல்கிறது. அதன் விட்டம் சுமார் 65 மி.மீ. பல லேப்டாப் டிஸ்க்குகளில் அது நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். விநாடிக்கு 90 சுற்று! விளிம்பின் வேகம் என்ன என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள், மணிக்கு 66 கி.மீ. வரும். தட்டின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு இருக்கிறது. உங்கள் படம், பாட்டு எல்லாம் அந்தப் பூச்சில் காந்தத் திசை மாறி மாறி அமைவதால்தான் பதிவாகின்றன. அதை எழுதிப் படிக்கும் ‘ஹெட்’ என்ற சின்ன முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனில் அந்த உயரம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு துளி தூசி போனாலும் ஆபத்து. அதனால் டிஸ்க்கின் மூடியை மட்டும் ஒருநாளும் திறக்காதீர்கள்.

இடத்தைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். ஆனால் பெட்டி தடித்துவிடும். அல்லது ஒவ்வொரு காந்தப் பதிவையும் இன்னும் சிறியதாக எழுதலாம். சிறியதாக எழுதினால் அதன் காந்தப்புலமும் பலவீனமாகிவிடுமே, ஹெட் அதை எப்படி உணரும்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு வருகிறது. சில அணுக்களே தடிமனுள்ள இரும்பு, குரோமியம் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால், சிறிய காந்தப்புலத்துக்கும் அவற்றின் மின்தடை வெகுவாக மாறுகிறது. பிரான்சில் ஆல்பெர்ட் ஃபெர்ட், ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க் இருவரும் 1988-இல் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். 1997-இல் ஐபிஎம் இதே விளைவில் இயங்கும் ஹெட்டைத் தன் டிஸ்க்கில் வைத்து விற்றது. இருவருக்கும் 2007-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அடிப்படை ஆராய்ச்சி ஒன்று பத்தே ஆண்டுக்குள் கடைக்கு வந்துவிட்டது, பாருங்கள்!

சரி, டிஸ்க்கை மாற்றுவோம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வாங்கும் முன்பே தடிமனைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 7 மி.மீ. டிஸ்க்குக்கான இடத்தில் 9.5 மி.மீ. டிஸ்க் நுழையாது. முதலில் யூஎஸ்பி வழியாகப் புதிய டிஸ்க்கை இணைத்து, பழையதை அப்படியே நகல் எடுக்க வேண்டும். பிறகு லேப்டாப்பை அணைத்துவிட்டு, சார்ஜரையும், முடிந்தால் பேட்டரியையும் கழற்றுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு ஸ்க்ரூவில் கைவையுங்கள்.

புதிய டிஸ்க்கை மாட்டி லேப்டாப்பை ஆன் செய்ததும் பழைய டிஸ்க்கின் அளவுதான் தெரிந்தால் பயப்படாதீர்கள். நகலோடு பழைய எல்லைக்கோடும் வந்துவிட்டது. மீதி இடம் ஒதுக்கப்படாமல் இருக்கிறது. எல்லையை நீட்டினால் அதுவும் சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகும் விண்டோஸ் 931 ஜிபி என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. 1 டிபி, அதாவது ஒரு லட்சம் கோடி பைட்டை 1,024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், அந்த 931 வந்து நிற்கும்.