மேலேயே நிற்கும் ஜன்னல்: எப்படி இயங்குகிறது?

ஒரு பிடிஎஃப்பைப் பார்த்து நோட்பேட்++ல் குறிப்பெடுக்கிறீர்கள். பக்கத்தைத் தள்ள பிடிஎஃப்பில் ஒரு கிளிக் செய்ததும், எழுதிக்கொண்டிருந்த ஜன்னல் அதன் பின்னால் போய்விடுகிறது. மறுபடி டாஸ்க்பாருக்குப் போய் அதை மேலே கொண்டுவர வேண்டும். இந்த அலைச்சல் தேவையே இல்லை. உள்ளே நடப்பது புரிந்தால் வழி தானாகத் தெரியும்.

முதலில், சமையல் மேடையில் அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு தட்டு. எதன் மேல் எது இருக்கிறது என்ற வரிசையை விண்டோஸ் எப்போதும் குறித்து வைத்திருக்கிறது. அதற்கு 'இசட் ஆர்டர்' என்று பெயர்.

அடுத்து, ஒரு ஜன்னலைக் கிளிக் செய்தால் விண்டோஸ் அந்தத் தட்டை உருவி அடுக்கின் உச்சியில் வைக்கிறது. அதனால்தான் நோட்பேட்++ கீழே போகிறது.

இப்போது அடுக்கின் மேல் ஒரு சின்ன மூடியை வையுங்கள். எந்தத் தட்டை உருவி மேலே வைத்தாலும் அது மூடிக்குக் கீழேதான் நிற்கும். 'ஆல்வேஸ் ஆன் டாப்' செய்வது இதைத்தான். அந்த ஜன்னலுக்கு 'டாப்மோஸ்ட்' என்ற அடையாளம் விழுகிறது. அடையாளம் உள்ளவை ஒரு வகை, இல்லாதவை இன்னொரு வகை. இரண்டாம் வகை முதல் வகையைத் தாண்டி மேலே வராது. டாஸ்க்பார் மற்ற ஜன்னல்களுக்கு மேலேயே தெரிவதும் இப்படித்தான். இரண்டு மூடிகள் இருந்தால், கடைசியாகத் தொட்டது மேலே வரும்.

ஒன்றை மறக்க வேண்டாம்.  ஜன்னல் மேலே தெரிவது வேறு, கீபோர்டு எழுத்துகள் போய்ச் சேரும் இடம் வேறு. பிடிஎஃப்பைக் கிளிக் செய்த பிறகு குறிப்பெழுத வேண்டுமானால், நோட்பேட்++க்குள் ஒருமுறை கிளிக் செய்துவிட்டுத்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

சரி, இதை எப்படிச் செய்வது? நோட்பேட்++ல் 'வியூ' மெனுவைத் திறந்து 'ஆல்வேஸ் ஆன் டாப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸோடு வரும் சாதாரண நோட்பேடில் அந்த வசதி இல்லை. அதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸை நிறுவுங்கள். பிறகு நோட்பேடைக் கிளிக் செய்து, விண்டோஸ், கன்ட்ரோல், டி (T) ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஜன்னலைச் சுற்றி ஒரு வண்ணக்கோடு விழும். லினக்ஸில் பல டெஸ்க்டாப்களில், தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்தாலே இந்த வசதி கிடைக்கும்.

பிறகு ஜன்னலின் அளவைக் குறைத்து, திரையின் ஓரமாக நகர்த்தி வையுங்கள். பெரிதாக விட்டால் படிக்க வேண்டிய பக்கத்தையே அது மறைத்துவிடும். வேலை முடிந்ததும் அதே விசைகளை அழுத்தினாலோ, மெனுவில் அதே இடத்தைக் கிளிக் செய்தாலோ பழைய நிலைக்கு வந்துவிடும். பார்த்து எழுதும் வேலை அடிக்கடி இருப்பவர்கள் இன்றே இதைப் பழகிக்கொள்ளுங்கள்.