மூன்றாவது ஊரோடு திரும்பும் லாரி

லண்டனிலிருந்து புறப்படும் ஓர் இசைக்குழு பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், வியன்னா என்று ஊர் ஊராக வாசித்துக்கொண்டே போவது 2020 டிசம்பர் 31 வரை சாதாரணம். மறுநாள் முதல் அப்படியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதன் (பிரெக்சிட்) முழு விளைவு அன்றுதான் தொடங்கியது. இசையை யாரும் தடை செய்யவில்லை. இசைக்கென்று ஒரு விதியை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். சேதம் அதிலிருந்தே வந்தது.

லாரியிலிருந்து தொடங்கலாம். பிரிட்டனில் பதிவான சரக்கு லாரி ஒன்றிய எல்லைக்குள் முதல் ஊரில் சுமையை இறக்கியபின், மேலும் இரண்டு இடங்களுக்கு மட்டுமே போகலாம். பிறகு ஊர் திரும்ப வேண்டும். தக்காளி ஏற்றிப்போகும் லாரிக்கு இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் டபுள் பேஸ், டிம்பனி, மேடை விளக்குகள் எல்லாம் ஒரே வண்டியில் பத்து ஊர் போக வேண்டியவை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் கிளை வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனங்கள் லாரியின் பதிவை மாற்றிக்கொள்ள 2022இல் பிரிட்டன் வழிசெய்தது. பெரிய ராக் குழுக்களுக்கு அது உதவியது. சொந்த லாரி வைத்திருக்கும் சிம்பொனி குழுக்களுக்கும், ஒற்றை வேனில் போகும் சிறு குழுக்களுக்கும் உதவவில்லை.

அடுத்தது அனுமதி. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர் 180 நாட்களில் 90 நாள் விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் தங்கலாம். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசிக்கலாமா என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே முடிவு செய்கிறது. பிரான்ஸ் 90 நாள் வரை தாராளமாக விடுகிறது. ஸ்பெயின் விசா கேட்டுக்கொண்டிருந்தது. 2021 நவம்பரில்தான் தளர்த்தியது. லண்டனில் வாழும் ஈழத்தமிழ் மிருதங்கக் கலைஞர் ஓர் அரங்கேற்றத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போனாலும் இதே கணக்குதான். எந்த நாட்டில் அரங்கேற்றமோ, அந்த நாட்டின் விதியைத் தேடிப் படிக்க வேண்டும்.

வாத்தியத்துக்கும் காகிதம் உண்டு. லாரியில் ஏற்றினால் சுங்கத்துக்கு 'கார்னே' என்ற ஆவணம் வேண்டும். பிரேசில் ரோஸ்வுட்டோ யானைத் தந்தமோ அதில் இருந்தால், அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டஸ் சான்றிதழும் தேவை. தந்த வேலைப்பாடுள்ள பழைய தஞ்சாவூர் வீணை எல்லை கடந்தாலும் அப்படித்தான்.

இந்த நிலை தவிர்த்திருக்கக்கூடியது. பிரிட்டனும் ஒன்றியமும் நடத்திய வெளியேற்றத்துக்குப் பிந்தைய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில், கலைஞர்கள் 90 நாள் வரை விசா இன்றி வந்து சம்பாதிக்கலாம் என்று ஒன்றியம் முன்வைத்தது. தடையற்ற நடமாட்டத்தை முடிவுக்குக் கொண்டுவருவதே தன் கொள்கை என்று பிரிட்டன் மறுத்தது. குறுகிய கால வணிகப் பயணிகள் பட்டியலில் இசைக்கலைஞர்களைச் சேர்க்கலாம் என்று பிரிட்டன் சொன்னதை ஒன்றியம் ஏற்கவில்லை. ஆயிரத்து இருநூறு பக்கங்களுக்கு மேல் நீண்ட ஒப்பந்தத்தில் மீன்பிடிப்புக்குத் தனிப் பகுதி இருக்கிறது. கலைப் பயணத்துக்கு ஒரு பிரிவுகூட இல்லை. 2021 ஜனவரியில் எல்டன் ஜான், ஸ்டிங், சைமன் ராட்டில் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் கோபப்பட்டது நியாயம். ஆனால் எல்டன் ஜான் விசா வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள முடியும். முதல் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டு நான்கு ஊர்களில் வாசிக்கத் துடிக்கும் இருபது வயதுக்காரர் என்ன செய்வார்? கச்சேரியையே கைவிடுவார்.

நிறுவனங்களும் நகர்ந்தன. ஐரோப்பிய ஒன்றிய இளைஞர் இசைக்குழு லண்டனை விட்டு இத்தாலிக்குப் போனது. ஒன்றியத்தின் பரோக் இசைக்குழு பிரிட்டனிலிருந்து ஆன்ட்வெர்ப்புக்குப் போனது. 2021-27 காலத்துக்குச் சுமார் 244 கோடி யூரோ கொண்ட 'கிரியேட்டிவ் யூரோப்' நிதித் திட்டத்தில் சேராமல் இருக்க பிரிட்டனே முடிவெடுத்தது.

இந்தச் சுமை நமக்குப் பழையது. சென்னையிலிருந்து போகும் நடனக் குழுவுக்கு லண்டனுக்கு ஒரு விசா, பாரிசுக்கு இன்னொன்று என்பது பிரெக்சிட்டுக்கு முன்பும் இருந்த நிலைதான். வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கு வளர்ந்த நாடுகள் முன்னுரிமை தர வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2005 உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் அதில் உறுப்பினர்கள். விசா கவுண்டரில் அந்த முன்னுரிமை எங்கே?

2025 மே மாதம் லண்டனில் நடந்த பிரிட்டன்-ஒன்றிய உச்சிமாநாட்டு ஆவணம் சுற்றுப்பயணக் கலைஞர்களைக் குறிப்பிட்டு, முயற்சிகள் தொடரும் என்றது. இசைக்கலைஞர்கள் கேட்பது அதைவிடத் தெளிவானது: கச்சேரி லாரிகளுக்கு மூன்று ஊர்க் கணக்கிலிருந்து விலக்கு, குறுகிய காலப் பயணத்தில் சம்பளத்துக்கு வாசிக்க ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் செல்லும் ஒரே அனுமதி, மறுபடி 'கிரியேட்டிவ் யூரோப்'பில் இடம். இவற்றில் முதலாவதை இரு தரப்புப் போக்குவரத்து அதிகாரிகள் உட்கார்ந்து பேசினாலே முடித்துவிடலாம்.