பட்டியல்ல பேர் வந்துட்டா யார்கிட்ட கேட்கறது?

ஒரு நாடு தன் இஷ்டத்துக்கு இன்னொரு நாட்டு மேல போடுற தடை வேற, ஐ.நா. பாதுகாப்பு சபை போடுற தடை வேற. இன்னைக்கு ரெண்டாவதைப் பத்திப் பேசலாம். ஐ.நா. சாசனத்தோட 41-வது பிரிவுதான் இதுக்கு அடிப்படை. படையை அனுப்பாம, வர்த்தகத்தையும் போக்குவரத்தையும் நிறுத்தச் சொல்ற அதிகாரம் அது. சபை முடிவெடுத்தா உறுப்பு நாடுகள் செஞ்சே ஆகணும்.

1990-ல இராக் குவைத்தைப் பிடிச்சப்போ, தீர்மானம் 661 மொத்த நாட்டு வர்த்தகத்தையும் பூட்டிடுச்சு. சதாம் நாற்காலியிலயே இருந்தார், அடிபட்டது சாதாரண ஜனங்க. அதனால நாட்டை விட்டுட்டு ஆளைக் குறி வைக்கலாம்னு யோசிச்சாங்க. 1999-ல வந்த தீர்மானம் 1267 அப்படிப்பட்டதுதான். முதல்ல தாலிபான், அப்புறம் அல்-கொய்தா. பட்டியல்ல உங்க பேர் ஏறினா உங்க பணம் உலகம் முழுக்க முடங்கிடும்.

ஆனா அப்போ, ‘என் பேர் ஏன் இருக்கு?’ன்னு அந்த ஆள் நேரா போய்க் கேட்க வழியே இல்ல. அவரோட அரசாங்கம் மனசு வெச்சாத்தான் உண்டு. ஆட் பட்டன் இருக்கு, ரிமூவ் பட்டன் சம்பந்தப்பட்டவர் கைக்கு எட்டாது. எங்க டீம்ல இப்படி ஒரு ஃபீச்சரை ரிலீஸ் பண்ணவே விடமாட்டாங்க!

யாசின் காதி ஒரு சவூதி தொழிலதிபர். 2001 அக்டோபர்ல அவர் பேர் ஏறுச்சு. ஐ.நா. சொன்னபடி ஐரோப்பிய ஒன்றியமும் அவர் சொத்தை முடக்குச்சு. அவர் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனார். 2005-ல தோல்வி. 2008 செப்டம்பர் 3-ம் தேதி மேல்முறையீட்டில் லக்சம்பர்க் நீதிபதிகள் வேற மாதிரி யோசிச்சாங்க. ஐ.நா. தீர்மானத்தை நாங்க எடைபோடல. அதை அமல்படுத்த ஐரோப்பா போட்ட சட்டம் அடிப்படை உரிமைகளை மதிச்சுதான்னு மட்டும் பார்க்கறோம்னாங்க. காரணம் சொல்லல, அவர் தரப்பைக் கேட்கல. அதனால அவரைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் செல்லாது.

அவர் நிரபராதின்னு கோர்ட் சொல்லல, கவனிங்க. குறையைச் சரிபண்ண மூணு மாசம் டைம் கூடக் கொடுத்தாங்க. ஒன்றியம் அதுக்குள்ள சுருக்கமா காரணம் எழுதி மறுபடியும் சேர்த்துச்சு, அவர் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார். இறுதித் தீர்ப்பு 2013-ல அவர் பக்கம் வந்தப்போ, ஐ.நா.வே முந்தின வருஷம் பேரை நீக்கியிருந்துச்சு.

இந்த அழுத்தத்துலதான் 2009-ல ஐ.நா. ஒரு ஆம்பட்ஸ்பர்சன் பதவியை உருவாக்குச்சு. பட்டியல்ல இருக்கறவர் இவர்கிட்ட நேரா மனு போடலாம். 2011-க்கு அப்புறம், ‘நீக்கலாம்’னு இவர் பரிந்துரைச்சா 60 நாள்ல பேர் போயிடும், தடைக் குழு ஒருமனதா எதிர்த்தாலோ விஷயம் பாதுகாப்பு சபைக்குப் போனாலோ தவிர. என் கணக்குல இது பெரிய மாற்றம். ஆனா இந்த வசதி அல்-கொய்தா, ஐ.எஸ். பட்டியலுக்கு மட்டும்தான். ஐ.நா.வோட மத்தத் தடைப் பட்டியல்ல இருக்கறவங்களுக்கு இந்த ஆம்பட்ஸ்பர்சன் கிடையாது.