கல்லைப் பற்றும் நீர்ப்பாசி

மழைக்காலத்தில் கொல்கத்தாவின் பழைய செங்கற் சுவர்களில் பச்சைப் பட்டு விரித்தாற்போல் படர்வதைப் பாசி என்கிறோம். குளத்து நீரில் வழவழப்பாக மிதப்பதையும் பாசி என்றே அழைக்கிறோம். இவை வெவ்வேறானவை. பின்னது ஆல்கா, முன்னது நுண்ணிய தண்டும் இலையும் உடைய மாஸ் என்னும் வகுப்பைச் சேர்ந்தது. கிழக்கிந்திய மாஸ்களைப் பற்றித் தாவரவியலார் எச். சி. கங்குலி எழுதிய விரிவான நூல், 1969 முதல் 1980 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

நீரினுள் வளரும் மாஸ்களும் உண்டு. வடகொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் வண்ண மீன்களோடு தொட்டிச் செடிகளும் விற்கப்படுகின்றன. தொட்டி வளர்ப்போர் மிகுதியும் விரும்புவது ஜாவா மாஸ் ஆகும். இதை வாங்கி அப்படியே நீரில் இட்டால், அது மூலையில் திரண்டு அழுக்கேறி, உட்புறம் பழுப்பாகிவிடுகிறது. செடியின் இயல்பை அறியாமையே இதற்குக் காரணம்.

மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. அதன் தண்டிலிருந்து தோன்றும் மெல்லிய இழைகளின் முக்கிய வேலை பற்றிக்கொள்வதே. நீரையும் உப்புக்களையும் இலைகளும் தண்டுமே நேராக உறிஞ்சுகின்றன. ஆகவே அதற்கு மண் வேண்டுவதில்லை. பிடிப்பதற்குச் சொரசொரப்பான கல் போதும்.

கொல்கத்தா வண்டல் நிலத்தில் அமைந்த நகரம். அங்குக் கட்டடங்களுக்கு வேண்டிய கல் வெளியிலிருந்தே வருகிறது. ஜார்க்கண்டிலுள்ள பாகூரின் கருங்கல் அவற்றுள் ஒன்று. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான இக்கல் நமக்கு ஏற்றது. எனினும் அதன் துளைகளில் சுண்ணாம்புப் பொருள் படிந்திருக்கலாம். ஆதலால் சில துளி வினிகர் விட்டுப் பார்த்தல் நலம். நுரை எழுந்தால் அக்கல் நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். அதை விலக்க வேண்டும். தேர்ந்த கல்லைச் சோப்பின்றித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பின்னர் மாஸைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கல் சற்றுத் தெரியும்படி மெல்லியதாகப் பரப்ப வேண்டும். தடிப்பாக வைத்தால் அடிப்பகுதி ஒளியின்றி அழுகும். அதன்மீது நூலை அரை அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்டுக. பருத்தி நூல் சில வாரங்களில் மக்கிவிடும். செடி பற்றுவதற்கு அதைவிடக் கூடுதலான காலமும் ஆகலாம். ஆகவே மெல்லிய தூண்டில் நரம்பே உறுதியானது.

ஜாவா மாஸ் சுமார் 20 முதல் 26 டிகிரி சென்டிகிரேடில் செழிக்கும். கோடையில் கொல்கத்தாவின் பகல் வெப்பம் பெரும்பாலும் 35 டிகிரியைத் தாண்டுவதால், தொட்டியை வெயில் படாத இடத்தில் வைப்பது அவசியம். நேர் வெயில் ஆல்காவையும் பெருக்கி மாஸை மூடிவிடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தொட்டியின் கழிவைக் குளத்திலோ கால்வாயிலோ கொட்டலாகாது. 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற, சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் மீன் வளர்ப்புக் குளங்களில், தொட்டி மீனாக வந்த தென் அமெரிக்கக் கவசக் கெளுத்தி இன்று பரவியுள்ளது. நறுக்கியெறியும் மாஸையும் வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே அகற்றுக. இரண்டு மாதங்கள் கழித்து ஒரு கிளையை மெல்ல இழுத்து, அது கல்லை விடாதிருப்பதை ஆசிரியர் காட்டுவாராயின், பற்றும் இழைக்கும் உண்ணும் வேருக்கும் உள்ள வேறுபாடு மாணவர் மனத்தில் நிலைக்கும்.