சாவி கை மாறும் நாள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். கட்டிய வீட்டை விலைக்கு வாங்கிக் குடி போவதும் அதற்கு இளைத்த வேலை அல்ல!

ஒரு வீடு விலை போனால் இரண்டு குடும்பங்கள் இடம் மாறுகின்றன. வாசலில் ஒரு லாரி சாமான்களை ஏற்றுகிறது. பின்னாலேயே இன்னொரு லாரி சாமான்களோடு வந்து நிற்கிறது. அந்த நேரத்தில், "மோட்டார் எங்களுடையது", "இல்லை, அது வீட்டோடு சேர்ந்தது" என்று பேச்சு முற்றினால் என்ன ஆகும்? ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொடுத்தவர், பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்க நேரிடும்.

இந்தத் தொல்லைக்கு இடம் கொடுக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. பணம், பத்திரம், சாவி ஆகிய மூன்றும் ஒரே நாளில் கை மாற வேண்டும். லாரி அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

எந்த நாள் நல்லது?

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் குடி போவதில்லை. ஆகவே ஆவணியிலும் தையிலும் கூட்டம் நெரிகிறது. முகூர்த்த நாளில் பத்திர ஆபீசில் இடம் இருக்காது. லாரி கிடைப்பதும் கஷ்டம், கூலியும் கூடும்.

இதற்காகக் கவலைப்பட வேண்டாம். சாவி கைக்கு வந்த பின், நல்ல நாளில் பாலை மட்டும் காய்ச்சி விடுங்கள். அதற்குக் குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் போதும். கட்டிலும் பீரோவும் இரண்டு நாள் கழித்து வந்தால் குடி முழுகிப் போகாது.

பத்திர ஆபீசில்

அட்வான்ஸ் கொடுத்தபோது வில்லங்கம் பார்த்திருப்பீர்கள். அது பல மாதங்களுக்கு முன்பு. பதிவுக்கு முதல் நாள் மறுபடியும் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம்.

மீதிப் பணத்தை வங்கி மூலமாகவே கொடுங்கள். வீடு, நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015-ம் ஆண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் உள்ள விதி.

முழுப் பணமும் கொடுத்தாகி விட்டதா? மூலப் பத்திரங்களை அப்போதே கேட்டு வாங்குங்கள். சாவியையும் வாங்குங்கள். "அடுத்த வாரம் தருகிறேன்" என்றால், அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வீடு உங்கள் பெயருக்கு மாறிவிட்டால், அதற்குப் பிறகு வரும் நஷ்டமும் உங்களுடையதே. சாவி இன்னும் பழைய சொந்தக்காரரிடம் இருக்கலாம். புயலில் கூரை பறந்தால், அவர் பேரில் குற்றம் இல்லாதபோது, நஷ்டம் உங்கள் தலையில்தான்! 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

எது வீட்டோடு சேர்ந்தது?

அதே சட்டம் இதற்கும் விடை கூறுகிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், வீட்டை விற்றவர் அதன் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல்களையும், நிலையான உபயோகத்துக்காக வீட்டில் அமைத்த மற்றப் பொருள்களையும் சேர்த்தே விற்றவர் ஆகிறார். வேரூன்றி நிற்கும் தென்னையும் மாமரமும் அந்த இடத்தோடு சேர்ந்தவை.

ஆனால் மின்விசிறி? தண்ணீர் மோட்டார்? சுவரில் மாட்டிய அலமாரி? சண்டை பிறப்பது இவற்றில்தான். ஒப்பந்தம் எழுதும்போதே, "இது இருக்கும், இது போகும்" என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டால் வாய்ச் சண்டைக்கு வேலை இல்லை.

மீட்டரைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள். நடுவில் வீடு கை மாறினால், அவர் எரித்த விளக்குக்கு நீங்கள் பணம் கட்ட நேரிடும். சாவி வாங்கும்போது மீட்டரில் உள்ள எண்ணை இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சொத்து வரி அரையாண்டுக் கணக்கு. விற்ற தேதி வரையில் உள்ள வரிப் பாக்கி, வேறு பேச்சு இல்லாவிட்டால், விற்பவர் பொறுப்பு. ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஒவ்வொரு குழாயையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். மோட்டாரை ஓடவிடுங்கள். இவ்வளவும் சாமான் இறங்குவதற்கு முன் நடக்க வேண்டும். அறை நிறையப் பெட்டிகளை அடுக்கிய பின் சுவரின் ஈரம் தெரியாது!

லாரியில் ஏற்றக் கூடாதவை

பத்திரம், நகை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், மருந்து ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். அன்றைய சமையலுக்கான பாத்திரங்களைத் தனியே கட்டி வையுங்கள். வாசல் கதவின் பூட்டை அன்றைக்கே மாற்றுங்கள். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

பட்டா, மின் இணைப்பு, சொத்து வரி ஆகிய மூன்றிலும் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறும் வரையில் வேலை முடியவில்லை.

விற்பவருக்கு ஒரு வார்த்தை

கடைசி அறை வரையில் கூட்டி விட்டுப் போங்கள். எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பால்காரர் யார் என்பதைச் சொல்லி விட்டுப் போங்கள். கடிதம் வந்தால் தெரிவிக்க உங்கள் புதிய விலாசத்தையும் கொடுங்கள்.

வாங்குபவரும் ஒன்றை நினைக்க வேண்டும். உங்களுக்குப் புது வீடு. அவர்களுக்கோ குழந்தை பிறந்த வீடு, பெரியவர்கள் கண் மூடிய வீடு. கிளம்புகிற பாட்டி நிலைப்படியைத் தொட்டுக்கொண்டு சற்று நின்றால், அவசரப்படுத்தாதீர்கள். லாரிக்காரருக்கு அரை மணி காத்திருப்புக் கூலி அதிகம் ஆனால் ஆகட்டுமே!