கணனியிலுள்ள கம்பியில்லாக் கருவிகள்: பாதுகாப்பும் சட்டமும்

போர்க்காலத்தில் வடக்கிலே பற்றரிக்குக் கூடத் தடை இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 'வோக்கி' வைத்திருப்பவர் என்ற சந்தேகமே ஒரு குடும்பத்தை நடுங்க வைத்தது. இன்று அதே வானொலி அலைகளால் இயங்கும் கருவிகள் எமது வீடுகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் உள்ளன. பிள்ளை படிக்கும் மடிக்கணனி, அதற்கு இணையம் கொடுக்கும் கைத்தொலைபேசி, சிம் போட்ட றவுட்டர், வயர் இல்லாத மவுஸ் ஆகியன அவற்றுட் சில. இவை பற்றிச் சிலரிடம் வீண் பயம் காணப்படுகின்றது; வேறு சிலரிடம் இருக்க வேண்டிய அவதானம் கூட இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பதை இங்கு பார்ப்போம்.

இவை எப்படி இயங்குகின்றன?

வானொலிப் பெட்டி அலைகளை வாங்க மட்டுமே செய்யும். கணனியிலுள்ள கருவி அலைகளை வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். ஆகவே அது சிறியதோர் அலைபரப்பி. வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகா ஹேட்ஸ் அலைவரிசைகளிலும், புளூடூத் 2.4 கிகா ஹேட்ஸ் அலைவரிசையிலும் வேலை செய்கின்றன.

இவற்றின் வலு மிகக் குறைவு. வீட்டு வைஃபை ஏறத்தாழ 0.1 வாற் வலுவுடன் அலையை அனுப்பும். சாதாரண புளூடூத் கருவியின் வலு 0.0025 வாற் அளவு. ஏறக்குறைய 10 மீற்றர் தூரம் எட்டும். குப்பி விளக்கிலிருந்து விலக விலக வெளிச்சம் குறைவது போல இந்த அலையும் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

குளத்து நீர் எல்லோருக்கும் பொதுவானது. ஆனாலும் கமக்காரர் அமைப்பின் முறைப்படியே வாய்க்கால் திறக்கப்படுகிறது. அலைவரிசையும் அவ்வாறே. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வானொலி அலை பரப்பும் கருவியைப் பாவிப்பதற்கு அனுமதி வேண்டும். அச்சட்டம் 1996இல் திருத்தப்பட்டு, இதனைக் கண்காணிக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தொலைத்தொடர்புக் கருவிகளை விற்பவரும் அதன் அனுமதியைப் பெற்றிருத்தல் வேண்டும்.

அப்படியானால் வைஃபைக்கு நாம் ஏன் அனுமதிப்பத்திரம் எடுப்பதில்லை? 2.4 கிகா ஹேட்ஸ் போன்ற சில அலைவரிசைகள் ஊர்ப் பொதுக் கிணற்றைப் போன்றவை. 1985இல் அமெரிக்கா இவற்றைச் சிறு வலுக் கருவிகளுக்குத் திறந்துவிட்டது. பின்னர் பிற நாடுகளும் அவ்வாறு செய்தன. பொதுக் கிணற்றில் தன் வாளியால் அள்ளுபவரை எவரும் தடுப்பதில்லை. ஆனால் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பூட்டினால் மற்றவர்களுக்குத் தண்ணீர் இல்லை. கருவி சிறியதாக, செய்யப்பட்டபடியே இருக்கும் வரைதான் இந்தச் சலுகை. ஆகவே பின்வருவனவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

1. வலுவைக் கூட்டுதல்: அனுமதியற்ற 'பூஸ்டர்' பூட்டுவதும், றவுட்டரின் அன்ரனாவை மாற்றிப் பெரியதைப் பொருத்துவதும் கூடாது. அயலவரின் இணைப்பையும் தொலைபேசிக் கோபுரத்தையும் இவை குழப்பும்.

2. வேறு நாட்டு அமைப்பில் விடுதல்: வெளிநாட்டு உறவினர் அனுப்பும் றவுட்டர் அந்நாட்டு விதிப்படி அமைந்திருக்கும். 2.4 கிகா ஹேட்ஸில் அமெரிக்காவில் 11 வழிகளும் பல நாடுகளில் 13 வழிகளும் பாவனையில் உள்ளன. 14ஆவது வழி ஜப்பானுக்கு மட்டும் உரியது. எனவே கருவியில் நாட்டைத் தெரிவு செய்யும் இடம் இருந்தால் 'இலங்கை' என்று மாற்றுங்கள்.

3. அனுமதி பாராது வாங்குதல்: சிம் போடும் கருவிகளுக்கு 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் உண்டு. கைத்தொலைபேசியில் *#06# அழுத்தினால் அது தெரியும். வாங்குமுன் ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்க்கலாம்.

இவ்விதிகள் வெறும் கடதாசிச் சட்டங்கள் அல்ல. 5.6 கிகா ஹேட்ஸ் அளவில் வானிலை றேடார்கள் சில இயங்குகின்றன. 2009இல் போட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்துக்குரிய வானிலை றேடார், அயலில் பூட்டப்பட்டிருந்த இணையக் கருவிகளின் அலைகளால் குழப்பமடைந்தது. றேடாரின் அலையைக் கண்டால் தானாக விலகிக் கொள்ளும் ஏற்பாடு வைஃபை கருவிகளில் உண்டு. அதனை நிறுத்தி வைப்பவர் புயற்காற்றை அறிவிக்கும் கண்ணை மறைக்கிறார். புயலும் வெள்ளமும் எத்தனை விளைச்சலை அழித்தன என்பதை அறிந்த கமக்காரருக்கு இதன் பாரதூரத்தைச் சொல்லத் தேவையில்லை.

படலையைச் சாத்துங்கள்

வேலியில்லாத வளவுக்குள் யாருடைய மாடும் வரும். கடவுச்சொல் இல்லாத வைஃபையும் அப்படியே. உங்கள் இணைப்பின் வழியாக ஒருவர் மிரட்டல் அனுப்பினாலும், பணமோசடி செய்தாலும், விசாரணை முதலில் சிம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரிடமே வரும். இடம்பெயர்ந்த காலத்தில் ஒருவர் பெயரில் எடுத்த சிம்மை இன்னொருவர் பாவிப்பது எம்மவரிடையே வழமையாகிவிட்டது. தேசிய அடையாள அட்டையுடன் உரிய தொலைபேசிக் கம்பனிக்குச் சென்று, பாவிப்பவரின் பெயருக்கே அதனை மாற்றிக் கொள்ளுங்கள்.

றவுட்டரை வாங்கியதும் அதனுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். பாதுகாப்பு முறையாக 'டபிள்யூபிஏ2' அல்லது 'டபிள்யூபிஏ3' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'டபிள்யூஈபி' என்னும் பழைய முறையை உடைக்கும் வழி 2001இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கடவுச்சொல் 12 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிள்ளையின் பெயர், மோட்டார் சைக்கிள் இலக்கம் என்பன வேண்டாம்.

மற்றவரின் இணைப்பையும் கேட்டே பாவியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணனிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒருவரின் கணனிக்குள் நுழைவது குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தோம் என்பது அங்கு எடுபடாது.

உடலுக்குத் தீங்கா?

இந்த அலைகள் எக்ஸ்-றே கதிர் போன்றவை அல்ல. உடலின் அணுக்களை உடைக்கும் சக்தி இவற்றுக்கு இல்லை. மிகக் கூடிய வலுவில் உடலைச் சூடாக்கும்; வீட்டு வைஃபையில் அந்த வலு இல்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், வானொலி அலைகளைப் 'புற்றுநோய் ஏற்படுத்தக் கூடும்' என்ற வகையில் சேர்த்தது. ஏற்படுத்துகிறது என்று நிரூபிக்கப்பட்டதாக இதற்குப் பொருள் இல்லை. பொதுவாக றவுட்டரின் கையேடுகள் 20 சென்ரிமீற்றர் விலகியிருக்கச் சொல்கின்றன. குழந்தையின் ஏணைக்கு அருகிலும் தலையணைக்கடியிலும் வைக்காது விட்டால் போதும். இருதயத்தில் 'பேஸ்மேக்கர்' பொருத்தியவர்கள் கைத்தொலைபேசியை 15 சென்ரிமீற்றருக்கு அப்பால் வைத்தல் வேண்டும். சட்டைப் பையில் வைக்கக் கூடாது.

கட்டாயம் நிறுத்த வேண்டிய இடங்கள்

இது எமது பிரதேசத்தில் மிக முக்கியமானது. மின்சாரத்தால் தூண்டப்படும் வெடியூக்கிகளின் வயர்கள் அன்ரனாவைப் போலச் செயற்பட்டு அலையை வாங்கக் கூடும். இதனாலேயே மடிக்கணனியின் கம்பியில்லாக் கருவிகளுக்கான கையேடுகள், வெடியூக்கிகளுக்கு அருகில் பாவிக்க வேண்டாம் என எச்சரிக்கின்றன. கல் உடைக்க வெடிவைக்கும் இடங்களிலும் கண்ணிவெடி அகற்றும் இடங்களிலும் அறிவித்தல் பலகை சொல்கிறபடி நடவுங்கள்.

மிதிவெடி மிதிக்கும் பாரத்தினால் வெடிப்பது. ஆனால் காணியில் கிடக்கும் பொருள் எத்தகையது என்று பார்த்தவுடன் எமக்குத் தெரியாது. அதனைத் தொடவும் வேண்டாம், அருகில் நின்று படமெடுக்கவோ அழைப்பெடுக்கவோ வேண்டாம். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பித் தூரத்துக்குச் சென்ற பின்னர் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

மருத்துவமனையில் தடுக்கப்பட்ட பகுதிகளிலும் விமானத்திலும் கணனியின் 'விமான நிலை' பொத்தானை அழுத்தினால் பொதுவாக அலைகள் நின்றுவிடும். அந்தப் பொத்தான் எங்கே உள்ளது என்பதை இன்றே பார்த்து வையுங்கள்.

சிக்னல் குறைவாக இருந்தால்

பூஸ்டர் தேடுமுன் கூரையைப் பாருங்கள். தகரம் அலையை மறிக்கும். காய்ந்த கிடுகும் பலகையும் பெரும்பாலும் விட்டுவிடும். நனைந்தால் ஓரளவு மறிக்கும். றவுட்டரையோ தொலைபேசியையோ நிலத்தில் வைக்காமல், கதவு அல்லது யன்னல் ஓரமாக, கோபுரம் உள்ள திசையை நோக்கி உயரத்தில் வையுங்கள். இதற்குச் செலவு எதுவுமில்லை. மரத்திலோ தண்ணீர்த் தாங்கியிலோ வயர் ஏற்ற வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடிமின்னல் கூடுதலாதலால், முழக்கம் கேட்டவுடன் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள்.

நினைவிற் கொள்வோம்:

- அனுமதி பெற்ற கருவியை வாங்குவோம். அதனை மாற்றியமைக்க மாட்டோம்.
- நாட்டு அமைப்பை இலங்கைக்கு மாற்றுவோம்.
- சிம் பாவிப்பவர் பெயரில் இருக்கட்டும். வைஃபைக்குக் கடவுச்சொல் இடுவோம்.
- வெடிபொருள் உள்ள இடத்தில் அலைகளை நிறுத்துவோம்.
- இடி முழங்கினால் செருகியைக் கழற்றுவோம்.

உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அல்லது மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை வாசித்துக் காட்டுங்கள். கணனி தெரிந்த பிள்ளைகள் இருவரைத் தெரிந்தெடுத்து, வீடு வீடாகக் கடவுச்சொல் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். புதிய சொல்லைத் தெரிவு செய்வதும் எழுதி வைப்பதும் அந்தந்த வீட்டாரின் பொறுப்பு.